எடைமேடை இன்டிகேட்டரை விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் எடுக்கவில்லை: கர்னல் டிரைவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

நெல்மணி

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் அரிசி ஆலையில் நெல் லாரிகளுக்கு எடை போடும் எடைமேடை இருக்கிறது. எடையைக் காட்டும் இன்டிகேட்டர் பெட்டியிலிருந்து எண்ணைப் படித்து ரசீது போட, நான்தான் பைத்தானில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். டெபியன் லினக்ஸ் ஓடும் கணினி. பழைய பெட்டியில் ஆர்எஸ்-232 சீரியல் போர்ட், அதிலிருந்து ஒரு யூஎஸ்பி கன்வெர்ட்டர் கேபிள். செருகியதும் டிடிஒய்யூஎஸ்பி0 (அந்தச் சீரியல் போர்ட்டுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்) வந்துவிடும். நான்கு வருடம் ஒரு தொல்லையும் இல்லை.

போன மாதம் இடி விழுந்ததில் அந்தப் பெட்டி போய்விட்டது. புதிதாக வாங்கியதில் யூஎஸ்பி போர்ட் உள்ளேயே இருக்கிறது. கூட ஒரு சிடி. மாமாவின் விண்டோஸ் மடிக்கணினியில் அந்த சிடியைப் போட்டு நிறுவினால் காம்4 என்று வந்து எடை ஓடுகிறது. டெபியனில் செருகினால் டிடிஒய்யூஎஸ்பி0 வரவே இல்லை.

எனக்குப் புரியாதது இதுதான். எல்எஸ்யூஎஸ்பி (செருகிய யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளை) போட்டால் சாதனம் தெரிகிறது. விற்பனையாளர் எண் 0403, அதாவது எஃப்டிடிஐ என்ற சிப் நிறுவனம். பழைய கேபிளும் 0403 தான், அதன் பொருள் எண் 6001. புதியதில் பொருள் எண் மட்டும் வேறு. (அதை இங்கே எழுதவில்லை, தயாரிப்பாளர் யார் என்று தெரிந்துவிடும்.) சிப் அதே குடும்பம், டிரைவரும் (சாதனத்தோடு பேசும் நிரல்) அதே கணினியில் இருக்கிறது. பிறகு ஏன் இரண்டும் சேரவில்லை? சாதனத்தைக் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பார்த்துவிட்டதே!

---

பழைய_முனையம்

சிப் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் கர்னல் சிப்பைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது.

நீங்கள் செருகிய நொடியிலிருந்து என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சாதனத்துக்குள் டேட்டா கம்பி ஒன்றில் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று மின்னழுத்தத்தை மேலே இழுத்துப் பிடிக்கிறது. அதைப் பார்த்துத்தான் ஹப்புக்கு (யூஎஸ்பி போர்ட்களைக் கவனிக்கும் பகுதி) 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்று தெரியும். ஹப் கர்னலிடம் சொல்கிறது, கர்னல் சாதனத்தை ரீசெட் செய்கிறது. புதிதாக வந்த எந்த சாதனமும் 0 என்ற முகவரியில்தான் பதில் சொல்லும். கர்னல் அதற்குத் தனி முகவரி கொடுத்து, 'உன்னைப் பற்றிச் சொல்' என்று கேட்கிறது. பதிலாக 18 பைட் வரும். விற்பனையாளர் எண்ணும் பொருள் எண்ணும் அந்த 18 பைட்டில்தான் இருக்கின்றன. நீங்கள் எல்எஸ்யூஎஸ்பியில் பார்ப்பதும் அதையேதான். இவ்வளவுக்கும் எஃப்டிடிஐ டிரைவர் தேவையில்லை. எல்லா யூஎஸ்பி சாதனத்துக்கும் பொதுவான விசாரணை இது. அதனால்தான் 'தெரிகிறது, ஆனால் வேலை செய்யவில்லை' என்ற நிலை வருகிறது.

இனி இரண்டாம் பகுதி. லினக்ஸில் ஒவ்வொரு டிரைவரும் தன்னுடன் ஒரு பட்டியலைக் கொண்டுவருகிறது: இந்த எண் உள்ள சாதனங்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. மாட்யூல்களை (தேவைப்படும்போது கர்னலில் ஏறும் டிரைவர் கோப்புகள்) நிறுவும்போது டெப்மாட் என்ற நிரல் எல்லா மாட்யூலின் பட்டியலையும் திரட்டி ஒரே கோப்பாக எழுதி வைக்கிறது. புதிய சாதனம் வந்ததும் கர்னல் அதன் எண்களைக் கோத்து நீளமான ஒரு சரமாக்கி, கர்னலுக்கு வெளியே ஓடும் யூடெவ் என்ற நிரலுக்கு அனுப்பும். யூடெவ் அந்தச் சரத்தை டெப்மாட் எழுதிய கோப்பில் தேடும். பொருந்தும் வரி இருந்தால் அந்த மாட்யூல் ஏறும். இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. பிழைச் செய்தி கூட வராது, ஏனென்றால் கர்னலைப் பொறுத்தவரை இதில் பிழை எதுவும் இல்லை.

எஃப்டிடிஐ சீரியல் சிப்புகளுக்கான எஃப்டிடிஐ_எஸ்ஐஓ டிரைவரின் பட்டியல் மிக நீளமானது, நூற்றுக்கணக்கான எண்கள். அதில் உங்கள் பெட்டியின் எண் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

விண்டோஸில் எப்படி ஓடுகிறது என்றால், அந்த சிடியில் ஐஎன்எஃப் என்ற நீட்டிப்போடு ஓர் எழுத்துக் கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்து பாருங்கள். உங்கள் பொருள் எண் அதில் ஒரு வரியாக இருக்கும். தயாரிப்பாளர் பெரும்பாலும் அந்தச் சில வரிகளைத்தான் மாற்றியிருப்பார்.

---

நெல்மணி

திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. எஃப்டிடிஐயின் பொது ஐஎன்எஃப், நடுவில் இவர்களுடைய எண்ணும் பெயரும். டிரைவர் கோப்பு எஃப்டிடிஐ தந்ததேதான்.

இன்னொரு சந்தேகம். 0403 என்று வந்தாலே எஃப்டிடிஐ டிரைவர் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கலாமே? ஒவ்வொரு பொருள் எண்ணையும் ஏன் தனித்தனியாக எழுத வேண்டும்?

---

மின்மினி77

ஏனென்றால் 0403 என்று வரும் எல்லாமே சீரியல் போர்ட் இல்லை. எஃப்டிடிஐ தன் வாடிக்கையாளர்களுக்கு 0403-க்குக் கீழேயே தனிப் பொருள் எண்களை ஒதுக்கித் தருகிறது. யூஎஸ்பி அமைப்பிடம் சொந்தமாக விற்பனையாளர் எண் வாங்க ஆயிரக்கணக்கான டாலர் ஆகும் என்பதால் சிறு நிறுவனங்கள் பலவும் இந்த வழியில் போகின்றன. அந்தச் சிப்பைச் சிலர் சீரியலாகப் பயன்படுத்துவார்கள். சிலர் இணைப் போர்ட்டாக, சிலர் ஜேடேக் (சிப்புகளில் நிரல் ஏற்றவும் சோதிக்கவும் உதவும் இணைப்பு) நிரலேற்றியாகப் பயன்படுத்துவார்கள். ஜேடேக் கருவிகளில் பலவற்றில் இரண்டு இன்டர்ஃபேஸ் இருக்கும், முதலாவது ஜேடேக், இரண்டாவது சீரியல். முதலாவதையும் சீரியல் டிரைவர் பிடித்துக்கொண்டால் ஜேடேக் மென்பொருளுக்கு இடைஞ்சல். அப்படிப்பட்ட சில எண்களுக்கு முதல் இன்டர்ஃபேஸை விட்டுவிடு என்று எஃப்டிடிஐ_எஸ்ஐஓவிலேயே தனிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: தப்பு தயாரிப்பாளருடையது. யூஎஸ்பியில் வகுப்பு எண் என்று ஒன்று இருக்கிறது. விசைப்பலகை, மவுஸ் எல்லாம் வகுப்பு 3. பென் டிரைவ் வகுப்பு 8. பென் டிரைவ் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் புது எண் யாரும் பதிய வேண்டியதில்லை, வகுப்பைப் பார்த்தே பொது டிரைவர் எடுத்துக்கொள்கிறது. சீரியலுக்கும் சிடிசி ஏசிஎம் என்று அப்படி ஒரு பொது வகுப்பு இருக்கிறது. அதில் செய்திருந்தால் சிடியும் வேண்டாம், இந்த இழையும் வேண்டாம்.

---

ஆற்றுமணல்

மின்மினி, அது அவ்வளவு எளிதில்லை. சிடிசி ஏசிஎம் மோடத்துக்காக வந்த வகுப்பு. விண்டோஸில் ஐஎன்எஃப் இல்லாமலே அது வேலை செய்ய ஆரம்பித்தது விண்டோஸ் 10-இல்தான். அதற்கு முன்னால் சிடிசி ஏசிஎம் சாதனத்துக்கும் ஓர் ஐஎன்எஃப் கொடுத்தே ஆகவேண்டியிருந்தது. எடைமேடைப் பெட்டி செய்பவர் இருபது வருடமாக ஒரே சர்க்யூட்டை விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர் எஃப்டிடிஐ சிப் வைத்தது நியாயமான முடிவு.

ஆனால் பொருள் எண்ணை மாற்றாமல் 6001 என்றே விட்டிருக்கலாம் என்பேன். பெயர்ச் சரத்தையும் வரிசை எண்ணையும் மட்டும் மாற்றியிருந்தால் லினக்ஸில் அப்படியே ஓடியிருக்கும்.

---

மின்மினி77

அப்படி விட்டால், அவருடைய மென்பொருள் ஆலையில் செருகியிருக்கும் பத்து எஃப்டிடிஐ கேபிளில் எது எடைமேடை என்று எப்படிக் கண்டுபிடிக்கும்? பெயர்ச் சரத்தைப் பார்க்கலாம், சரி. ஆனால் விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் தன் நிறுவனப் பெயர் வர வேண்டும் என்று நினைப்பவர் எண்ணைத்தான் மாற்றுவார். வகுப்பு விஷயத்தில் விண்டோஸ் 10-க்கு முந்தைய நிலை பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன்.

---

தூண்டில்

நான் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையை வைத்துக் கற்றுக்கொண்டிருக்கும் மாணவன். ஓர் அடிப்படைக் கேள்வி கேட்கலாமா? எண், பட்டியல் எல்லாம் எதற்கு? கர்னலிடம் எல்லா டிரைவரும் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எது சரியாகப் பேசுகிறதோ அதை வைத்துக்கொண்டால் என்ன?

---

பழைய_முனையம்

தம்பி, அப்படித்தான் ஒரு காலத்தில் இருந்தது. அதன் வலியை நேரில் பட்டவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய கணினிகளில் ஐஎஸ்ஏ என்ற இணைப்பில் அட்டைகளைச் செருகிய காலம். அட்டைக்கு 'நீ யார்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் வசதியே கிடையாது. ஜம்பரை நகர்த்தி போர்ட் முகவரியையும் குறுக்கீட்டு எண்ணையும் (அட்டை செயலியைக் கூப்பிடும் சமிக்ஞையின் எண்) நாமே வைப்போம். சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை என்றால் போர்ட் 220, குறுக்கீடு 5 என்று மனப்பாடம். இரண்டு அட்டை ஒரே எண்ணில் இருந்தால் இரண்டும் வேலை செய்யாது.

என்இ2000 வகை நெட்வொர்க் அட்டைக்கு லினக்ஸ் டிரைவர் எப்படித் தேடும் தெரியுமா? போர்ட் 300-க்குப் போகும், அங்கே சில பைட் எழுதும், படிக்கும். எதிர்பார்த்த பதில் வரவில்லையென்றால் 280, அப்புறம் 320, 340, 360. இருட்டு அறையில் ஒவ்வொரு சுவிட்சாக அழுத்திப் பார்ப்பது போல. பிரச்சினை என்னவென்றால், 340-இல் வேறொருவர் உட்கார்ந்திருக்கலாம். 1997-இல் நான் பார்த்துக்கொண்ட ஓர் ஆய்வகக் கணினியில் அந்த இடத்தில் வட்டுகளை இணைக்கும் ஸ்கசி அட்டை இருந்தது. நெட்வொர்க் டிரைவர் அங்கே எழுதிய பைட், ஸ்கசி அட்டைக்கு ஒரு கட்டளையாகப் போய்ச் சேர்ந்தது. கணினி அப்படியே நின்றுவிடும். எந்த டிரைவரால் நின்றது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. கடைசியில் 'இந்த முகவரிப் பக்கம் யாரும் போகாதே' என்று பூட் வரியில் ரிசர்வ் கட்டளை கொடுத்துத் தப்பித்தேன்.

படிப்பதே சில அட்டைகளில் ஆபத்து. ஒரு ரெஜிஸ்டரைப் படித்தால் உள்ளே இருக்கும் வரிசையிலிருந்து ஒரு பைட் காணாமல் போகும். ஆகவே, எதிரில் இருப்பது யார் என்று தெரியாமல் பேசத் தொடங்குவதே தவறு.

இன்டெல் 1992-இல் பிசிஐ என்ற புதிய அட்டை இணைப்பைக் கொண்டுவந்தபோது இது தீர்ந்தது. பிசிஐ சாதனம் ஒவ்வொன்றுக்கும் 256 பைட் அளவில் ஓர் அமைவு இடம் உண்டு, அதன் முதல் நான்கு பைட்டிலேயே விற்பனையாளர் எண்ணும் சாதன எண்ணும். இதைப் படிப்பதால் சாதனத்தின் வேலை எதுவும் தொடங்காது. யாரும் இல்லாத இடத்தைப் படித்தால் எல்லா பிட்டும் 1 ஆக வரும், காலி என்று புரிந்துவிடும். இன்டெலின் விற்பனையாளர் எண் 8086, அவர்களுடைய பழைய செயலியின் பெயரேதான். எனக்கு இன்றும் எல்எஸ்பிசிஐ வெளியீட்டில் அந்த எண்ணைப் பார்க்க ஆசையாக இருக்கும்.

முதலில் பாதுகாப்பாக அடையாளம் கேள், பிறகு டிரைவரைக் கூப்பிடு. இந்த வரிசை மாறியதுதான் பெரிய மாற்றம்.

---

ஆற்றுமணல்

அருமையாகச் சொன்னீர்கள். ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் 'எண் பொருந்தினால் முடிந்தது' என்று தூண்டில் நினைத்துவிடக் கூடாது.

எண் பொருந்துவது முதல் சல்லடை. அதன் பிறகு கர்னல் அந்த டிரைவரின் புரோப் என்ற செயலைக் கூப்பிடுகிறது. டிரைவர் இப்போது சாதனத்தைத் தொட்டுப் பார்க்கிறது. ரெஜிஸ்டரைப் படிக்கிறது, எந்தப் பதிப்பு என்று பார்க்கிறது, நினைவகம் ஒதுக்குகிறது. 'இது எனக்குச் சரிவராது' என்று அந்த நிலையிலும் மறுக்கலாம். அப்போது கர்னல் அடுத்த டிரைவரிடம் போகும்.

இரண்டு டிரைவருக்கும் பொருந்தினால் யார் வெல்வார் என்பதில்தான் இயங்குதளத்துக்கு இயங்குதளம் குணம் மாறுகிறது. லினக்ஸில் முதலில் வந்து புரோபில் தேறியவருக்குத்தான் சாதனம். நான் பயன்படுத்தும் ஃப்ரீபிஎஸ்டியில் ஏலம் மாதிரி. ஒவ்வொரு டிரைவரின் புரோபும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் 'என்னைத் தவிர வேறு யாரும் கூடாது'. சாதாரண டிரைவர் -20 சொல்லும், பொதுவான டிரைவர் -100 சொல்லும். பெரிய எண் சொன்னவர் வெல்வார். பொது விஜிஏ டிரைவரும் குறிப்பிட்ட டிரைவரும் சண்டை போடாமல் ஒரே கர்னலில் இருக்க முடிவது இதனால்தான். ஆப்பிளின் ஐஓகிட்டிலும் புரோப் மதிப்பெண் என்று இதே எண்ணம்.

விண்டோஸில் அந்த முடிவை டிரைவரின் குறியீடு எடுப்பதில்லை, நிறுவும் பகுதி எடுக்கிறது. சாதனம் தன்னைப் பற்றி ஒரு பட்டியல் தரும், மிகக் குறிப்பானது மேலே, பொதுவானது கீழே. எந்த ஐஎன்எஃப் எவ்வளவு மேலே இருக்கும் வரியோடு பொருந்துகிறது, கையொப்பம் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துத் தரவரிசை போடும். அங்கே சிறிய எண்தான் நல்லது. சமமாக வந்தால் புதிய தேதி, பிறகு பதிப்பு எண்.

எனக்கு ஃப்ரீபிஎஸ்டி வழிதான் நேர்மையாகப் படுகிறது. எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதை டிரைவரே சொல்கிறது.

---

பழைய_முனையம்

அந்த ஏல முறையின் அழகை மறுக்கவில்லை. ஆனால் அதில் எல்லா டிரைவரும் ஏற்கெனவே நினைவகத்தில் இருந்தால்தான் ஏலத்துக்கு வர முடியும். லினக்ஸில் ஆயிரக்கணக்கான மாட்யூல் வட்டில் தூங்குகின்றன, தேவையானது மட்டும் ஏறுகிறது. பட்டியல் வெளியே எழுதப்பட்டிருப்பதால்தான் அது முடிகிறது. ஒரு சாதனத்துக்கு இரண்டு டிரைவர் என்பது லினக்ஸில் பெரும்பாலும் கர்னலுக்குள் இருக்கும் ஒன்றுக்கும் வெளியிலிருந்து வந்த ஒன்றுக்கும் இடையில்தான் வருகிறது. என்விடியா திரை அட்டைக்கான திறமூல டிரைவர் நூவோவும் என்விடியாவின் சொந்த டிரைவரும் போல. அதற்குத்தான் பிளாக்லிஸ்ட் எழுதுகிறோம்.

இதில் நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று: பிளாக்லிஸ்ட் என்பது 'இந்த மாட்யூலின் எண் பட்டியலைப் பார்க்காதே' என்பது மட்டுமே. நீங்களே மாட்புரோப் கட்டளையால் ஏற்றினால், அல்லது வேறொரு மாட்யூலுக்கு இது தேவைப்பட்டால், ஏறத்தான் செய்யும். இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டின்போது முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) புதுப்பிக்காவிட்டால் பூட்டின் தொடக்கத்திலேயே ஏறிவிடும்.

---

நெல்மணி

எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன், நிறையத் தெளிந்தது. ஆனால் நாளை மறுநாள் கொள்முதல் நெல் வர ஆரம்பிக்கிறது. பட்டியலில் எண் இல்லாவிட்டால் கர்னலைத் திரும்பத் தொகுக்க வேண்டுமா?

---

பழைய_முனையம்

வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரின் பட்டியலில் ஓர் எண்ணைச் சேர்க்க வழி இருக்கிறது. அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள், இது முக்கியம். சாதனப் பதிப்பு என்ன? டிமெசேஜில் (கர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) பிசிடிடிவைஸ் என்று ஒரு மதிப்பு இருக்கும்.

---

நெல்மணி

6.00 என்று இருக்கிறது.

---

பழைய_முனையம்

நல்லது. எஃப்டிடிஐ_எஸ்ஐஓ புரோபில் சிப் வகையைக் கண்டுபிடிப்பது இந்த எண்ணை வைத்துத்தான். 4.00 என்றால் எஃப்டி232பி, 6.00 என்றால் எஃப்டி232ஆர், 7.00 என்றால் இரண்டு போர்ட் உள்ள எஃப்டி2232எச். உங்களுடையது எஃப்டி232ஆர், பழைய கேபிளில் இருந்ததும் அநேகமாக அதுவே. விண்டோஸில் எஃப்டிடிஐயின் டிரைவரோடு சீரியலாகவே ஓடுகிறது என்று நீங்கள் பார்த்துவிட்டீர்கள். இவ்வளவு சான்று இருப்பதால்தான் அடுத்த படியைச் சொல்கிறேன். என்னவென்று தெரியாத சாதனத்தில் யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

முதலில் மாட்புரோப் எஃப்டிடிஐ_எஸ்ஐஓ. எண் பொருந்தாததால் மாட்யூல் தானாக ஏறியிருக்காது, நீங்கள்தான் ஏற்ற வேண்டும். அடுத்து இந்தக் கோப்பில் உங்கள் இரண்டு எண்களையும் இடைவெளி விட்டு எழுதுங்கள் (தமிழில் எழுதுகிறேன், முனையத்தில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்):

/சிஸ்/பஸ்/யூஎஸ்பி-சீரியல்/டிரைவர்ஸ்/எஃப்டிடிஐ_எஸ்ஐஓ/நியூ_ஐடி

எண்கள் ஹெக்ஸாகவே (பதினாறடிமான எண்ணாகவே) போகும். முதலில் 0403, அடுத்து உங்கள் பொருள் எண். எழுதியவுடன் கர்னல் ஏற்கெனவே செருகியிருக்கும் சாதனங்களை மறுபடி பார்க்கும், பிடுங்கிச் செருகத் தேவையில்லை.

---

நெல்மணி

சுடோ போட்டு எக்கோ செய்தேன். அனுமதி மறுக்கப்பட்டது என்கிறது.

---

மின்மினி77

சுடோ எக்கோவுக்கு மட்டும்தான் போகிறது. கோப்பைத் திறந்து எழுதுவது உங்கள் ஷெல், அதற்கு ரூட் உரிமை இல்லை. எக்கோவின் வெளியீட்டைக் குழாய் வழியாக 'சுடோ டீ' என்பதற்கு அனுப்புங்கள், கோப்புப் பெயரை டீக்குக் கொடுங்கள்.

---

நெல்மணி

வந்துவிட்டது!! டிடிஒய்யூஎஸ்பி0. நிரலைத் தொடவே இல்லை, 9600 வேகத்தில் எடை அப்படியே வருகிறது. மாமா மேடையில் ஏறி நின்று 70 கிலோ என்று பார்க்க முயன்றார், மேடை 10 கிலோ படியில்தான் காட்டும், ஆனாலும் சரியாக 70 காட்டியது. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பூட் செய்தால் இது போய்விடும் அல்லவா?

---

பழைய_முனையம்

போய்விடும், அது நினைவகத்தில் இருக்கும் பட்டியல் மட்டுமே. இப்போதைக்கு ஒரு யூடெவ் விதி எழுதுங்கள்: இந்த விற்பனையாளர் எண்ணும் பொருள் எண்ணும் உள்ள சாதனம் வந்தால், மாட்யூலை ஏற்று, நியூ_ஐடியில் எழுது. நிரலில் டிடிஒய்யூஎஸ்பி0 என்று எழுதியிருப்பதையும் மாற்றிவிடுங்கள். /டெவ்/சீரியல்/பை-ஐடி கோப்புறைக்குள் சாதனத்தின் பெயரும் வரிசை எண்ணும் சேர்ந்த ஒரு இணைப்பு இருக்கும். நாளை யாராவது இன்னொரு கேபிளைச் செருகினால் 0, 1 இடம் மாறலாம், அந்தப் பெயர் மாறாது. எடையில் தவறு வந்தால் விவசாயியின் காசு, அதனால் இதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

---

தூண்டில்

இதைப் படித்துவிட்டு என் ராஸ்பெர்ரி பையில் முயன்றேன். கடிகார மாட்யூல் டிஎஸ்3231, ஐ2சி (சிறு சிப்புகளை இரண்டு கம்பிகளில் இணைக்கும் முறை) கம்பிகளில் இணைத்திருக்கிறேன். ஐ2சி-டிடெக்ட் போட்டால் 68 என்ற முகவரியில் ஏதோ இருப்பது தெரிகிறது. ஆனால் டிரைவர் தானாக ஏறவில்லை. இதிலும் எண் பட்டியலில் சேர்க்க வேண்டுமா?

---

ஆற்றுமணல்

இல்லை, இது வேறு கதை. பழைய_முனையம் சொன்ன ஐஎஸ்ஏ நிலைமை இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. ஐ2சியில் அடையாளம் கேட்கும் வழக்கமே இல்லை. 68 என்பது சாதனத்தின் பெயர் இல்லை, வீட்டு எண் மட்டுமே. அதே 68-இல் எம்பியூ-6050 என்ற அசைவு உணரியும் இருக்கும். கர்னல் அதைக் கடிகாரம் என்று நினைத்து நேரம் எழுதினால் உணரியின் ரெஜிஸ்டரில் குப்பை போய் விழும்.

அதனால் 'இந்தக் கம்பியில், இந்த முகவரியில், இன்ன சிப் இருக்கிறது' என்று வெளியிலிருந்து ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். மடிக்கணினியில் அதை ஏசிபிஐ அட்டவணையாக பயாஸ் தருகிறது. ராஸ்பெர்ரி பை போன்ற ஏஆர்எம் செயலிப் பலகைகளில் டிவைஸ் ட்ரீ என்ற சாதன விவரக் கோப்பு. ராஸ்பெர்ரி பையின் கான்ஃபிக் கோப்பில் ஐ2சி-ஆர்டிசி ஓவர்லேயை (ட்ரீயோடு சேரும் கூடுதல் துண்டு) டிஎஸ்3231 என்று சொல்லிச் சேர்த்தால் போதும். அந்த ஓவர்லே ட்ரீயில் ஒரு கணுவைச் சேர்க்கிறது. கணுவில் 'கம்பாட்டிபிள்' என்ற பண்பு, மதிப்பு 'மேக்சிம்,டிஎஸ்3231'. டிரைவரும் இதே சரத்தைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. யூஎஸ்பியில் எண்ணும் எண்ணும் பொருந்தியது போல இங்கே சரமும் சரமும்.

கம்பாட்டிபிள் ஒரே சரமாக இருக்க வேண்டியதில்லை. மிகக் குறிப்பானது முதலில், பொதுவானது பின்னால் என்று பலவற்றை அடுக்கலாம். குறிப்பான டிரைவர் இல்லாத பழைய கர்னலும் பொதுவானதை வைத்துச் சமாளிக்கும்.

இந்த எண்ணம் புதியதல்ல. சன் பணிநிலையங்களில் வந்து 1994-இல் ஐஇஇஇ 1275 தரமாக ஆன ஓப்பன் ஃபர்ம்வேரிலிருந்து வருகிறது. ஏஆர்எம் உலகம் ரொம்ப நாள் அதை எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு பலகைக்கும் ஒரு சி கோப்பு எழுதிக் கர்னலுக்குள்ளேயே திணித்துக்கொண்டிருந்தது. 2011-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கோபப்பட்ட பிறகுதான் எல்லோரும் டிவைஸ் ட்ரீக்கு வேகமாக மாறினார்கள்.

---

தூண்டில்

ஓவர்லே சேர்த்தேன், கடிகாரம் வந்துவிட்டது. நன்றி அண்ணா. ஆனால் பூட் செய்தியில் வேறொரு சாதனம் -517 என்று மறுத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் சரியாக வருகிறது. பயப்பட வேண்டுமா?

---

ஆற்றுமணல்

வேண்டாம். 517 என்றால் 'இப்போது முடியாது, பிறகு கூப்பிடு' என்று பொருள். உதாரணமாகத் திரைக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டரின் டிரைவர் இன்னும் வரவில்லையென்றால் திரையின் புரோப் இப்படிச் சொல்லித் திரும்பும். கர்னல் அதைக் காத்திருப்போர் வரிசையில் போட்டுவிட்டு, வேறு ஏதாவது டிரைவர் வெற்றி பெற்றதும் மறுபடி கூப்பிடும். 2012 முதல் இருக்கிறது.

---

மின்மினி77

எண்களைப் பற்றிப் பேசுவதால் 2014 நிகழ்ச்சியை நெல்மணி தெரிந்துகொள்வது நல்லது. எஃப்டி232 சிப்புக்குப் போலிகள் சந்தையில் நிறைய. போலியும் 0403, 6001 என்றே சொல்லும், டிரைவரும் நம்பும். அந்த வருடம் அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐயின் புதிய டிரைவர், போலி சிப்பின் பொருள் எண்ணை 0000 என்று மாற்றி எழுதியது. அதன் பிறகு அந்தச் சாதனம் எந்தக் கணினியில் செருகினாலும் யாருடைய பட்டியலிலும் இல்லை. சிப் கெடவில்லை, எண் மட்டும் போய்விட்டது, சாதனம் செத்தது போலாகிவிட்டது. தான் வாங்கிய பொருளில் எந்தச் சிப் இருக்கிறது என்று தெரியாத மக்கள்தான் பாதிக்கப்பட்டார்கள். பெரிய எதிர்ப்பு எழுந்து எஃப்டிடிஐ அந்த டிரைவரை விலக்கிக்கொண்டது. லினக்ஸ் டிரைவரில் 0403, 0000 என்ற ஜோடியையும் பட்டியலில் சேர்த்தார்கள், அந்தச் சாதனங்கள் லினக்ஸில் மறுபடி ஓடின.

போலி செய்தவரை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் வாங்கியவரின் சாதனத்தைத் தொலைவிலிருந்து முடக்குவது தவறு என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

---

நெல்மணி

இது எனக்குத் தெரியாது. யோசிக்க வைக்கிறது.

யூடெவ் விதி எழுதிவிட்டேன், மூன்று முறை பூட் செய்து பார்த்தேன், சரியாக வருகிறது. இன்று 22 லாரி எடை போட்டோம்.

ஒரே ஒரு வருத்தம். இதே பெட்டியை எங்கள் பக்கத்தில் இன்னும் பல ஆலைகள் வாங்கியிருக்கின்றன. அவர்களில் லினக்ஸ் வைத்திருப்பவர் எல்லோரும் இந்த விதியை எழுத வேண்டுமா? நான் கர்னலுக்கே இந்த எண்ணை அனுப்பினால் ஏற்பார்களா? நான் சி மொழியில் பெரிய ஆள் இல்லை.

---

பழைய_முனையம்

கண்டிப்பாக ஏற்பார்கள், நீங்கள் அனுப்ப வேண்டும் என்று நானே சொல்ல நினைத்தேன். இதற்கு சி பெரிதாகத் தேவையில்லை. எண்களுக்கான தலைப்புக் கோப்பில் பொருள் எண்ணுக்கு ஒரு பெயர் வைத்து ஒரு வரி, டிரைவர் கோப்பின் பட்டியலில் அந்தப் பெயரோடு ஒரு வரி. புதிய எண் சேர்ப்பதைப் பழைய நிலையான கர்னல் கிளைகளுக்கும் எடுத்துக்கொள்வது அவர்கள் விதியிலேயே இருக்கிறது. அதனால் டெபியனின் அடுத்த பாதுகாப்புப் புதுப்பிப்போடு உங்கள் பக்கத்து ஆலைக்கும் அது போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

வழி இது. யூஎஸ்பி சீரியல் பகுதிக்கான மூலக் கோப்புகளை எடுத்து, முன்னால் இதே மாதிரி எண் சேர்த்தவர்களின் கமிட்டை (பதிவான மாற்றத்தை) இரண்டு மூன்று படியுங்கள். தலைப்பு வரியை அதே பாணியில் எழுதுங்கள். அநாமதேயமாக இல்லாமல், உங்களை அடையாளம் காட்டும் பெயரில் கையொப்ப வரி வேண்டும். கமிட் செய்தியில் சாதனம் என்ன, எந்தச் சிப், நியூ_ஐடி வழியாகச் சோதித்துப் பார்த்தேன் என்று மூன்று வாக்கியம் போதும். செக்பேட்ச் நிரலை ஓட்டி இடைவெளி, டேப் பிழைகளைச் சரிசெய்துகொள்ளுங்கள். பட்டியலில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டாதீர்கள், அருகில் இருக்கும் எண்களின் ஒழுங்கைப் பாருங்கள்.

---

நெல்மணி

இன்று இரவே முயல்கிறேன். தயாரிப்பாளரின் பெயரை அங்கே எழுதித்தானே ஆக வேண்டும்?

---

பழைய_முனையம்

ஆமாம், அங்கே அது சாதனத்தின் பெயர், புகார் இல்லை. யூஎஸ்பி-டிவைசஸ் என்ற கட்டளையின் வெளியீட்டையும் கமிட் செய்தியில் ஒட்டிவிடுங்கள், எத்தனை இன்டர்ஃபேஸ் என்று பராமரிப்பாளர் நிச்சயம் கேட்பார். அனுப்பும் முன் பேட்சை (மாற்றக் கோப்பை) இங்கே போடுங்கள், நானும் மின்மினியும் ஒருமுறை பார்த்துவிடுகிறோம்.